எல்லாரும் ஒத்துக்கொண்ட கப்பல்

ஒரு கையில் கைக்கடிகாரமும் மறு கையில் மேசை மணியும் வைத்துக்கொண்டு, இவன் எங்கே மூச்சு வாங்குவான், எங்கே அடிக்கலாம் என்று காத்திருக்கும் பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அம்மையார் அவர்களே. முன்வரிசையை அலங்கரித்து, பொங்கி வரும் கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் அடக்கம் செய்யும் ஆன்றோர்களே, சான்றோர்களே. மடியில் பிள்ளையும் பிள்ளையின் மடியில் கைப்பையுமாக அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே. இன்று சான்றிதழ் பெறவிருக்கும் என் மாலை வகுப்பு மாணவ மணிகளே (உங்களில் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள், மணிகளே என்று சொல்ல என் நாக்குக்கே கூச்சமாக இருக்கிறது). நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் கீச்சென்று எதிர்ப்புத் தெரிவிக்கும் மானமுள்ள ஒலிபெருக்கியே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த மேடையில் நின்று, இந்த மேசையின் மீது கை வைத்து, ஆடுகிற அதன் ஒரு காலைச் சாட்சியாக வைத்து, நான் உங்களுக்கு ஓர் உறுதி தருகிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பமாட்டீர்கள். நம்பக்கூடியதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம்ப முடியாததைச் சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘கலந்துரையாடலும் கருத்தொருமையும்’. ஆங்கிலம் கற்கும் பெரியவர்களுக்கு, ஒரு பொருளைப் பற்றிக் கூடிப் பேசவும், பேசி ஒரு முடிவுக்கு வரவும் கற்றுக்கொடுப்பது எப்படி என்று நான் சொல்லவேண்டுமாம். இந்தத் தலைப்பை விழாக்குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்ததாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஒருமனதாக. வாசலில் செருப்பைக் கழற்றும்போது குழு உறுப்பினர் ஒருவர் என் காதில் சொன்னார், “எனக்கு இந்தத் தலைப்பே பிடிக்கல சார். கூட்டத்துல எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்.” படியில் ஏறும்போது இரண்டாமவர் சொன்னார், “நானும்தான்.” மேடைக்குப் பின்னால் மூன்றாமவர் சொன்னார், “அவங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கேன்னுதான் சார் நான் சரின்னேன்.”

ஐயா, சிரிக்காதீர்கள். நான் இதற்கு அழுதவன். என் தலையில் மிச்சமிருக்கும் முடி எத்தனை என்று பின்வரிசையிலிருந்தே எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் எங்கே போயிற்று? இந்த ஒருமனதில்தான் போயிற்று.

எங்கள் மாலை வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடக்கிறது. கீழே சக்கரத்துக்குக் காற்றடிப்பார்கள், மேலே நான் மனிதர்களுக்கு ஆங்கிலம் அடிப்பேன். அவர்கள் அடித்த காற்று நிற்கும். நான் அடித்தது படியிறங்குவதற்குள் இறங்கிவிடும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுக் களைத்து வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லும்போது கோபப்படக்கூடாது என்று எனக்கு நானே தினமும் சத்தியம் செய்துகொள்வேன். அந்தச் சத்தியம் முதல் கலந்துரையாடல் வரைக்கும் தாங்கியது.

அந்த முதல் கலந்துரையாடலை நான் எப்படி மறப்பேன்? நால்வர் கொண்ட குழு. மூத்தவர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். வெளிநாட்டு மருமகனிடம் ஆங்கிலத்திலேயே சண்டை போடவேண்டும் என்ற உயர்ந்த இலட்சியத்தோடு வந்தவர். அடுத்தவர், பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பாளர். நோயாளிகளிடம் வலிக்காது, வலிக்காது என்று சொல்லிச் சொல்லி, வகுப்பில் யாருக்கு இருமல் வந்தாலும் வலிக்காது என்பார். அவருக்கு வலிக்காது அக்கா என்று பெயர் வந்துவிட்டது. மூன்றாமவர், முடிதிருத்தும் நிலையம் வைத்திருப்பவர். நான்காமவர் அவருடைய மனைவி, மருந்துக்கடையில் பில் போடுகிறவர். அவரை வகுப்பே அண்ணி என்று அழைக்கும்.

நான் கேட்டேன்: பெரிய நகரத்தில் வாழ்வது நல்லதா, சிற்றூரில் வாழ்வது நல்லதா? கூடிப் பேசுங்கள், முடிவு சொல்லுங்கள்.

ஓட்டுநர் சொன்னார், “சிட்டி.” மற்ற மூவரும் சொன்னார்கள், “ஐ அக்ரீ.” முடிந்தது. தலைக்கு மேலே ஓடும் மின்விசிறி ஒரு சுற்றை முடிப்பதற்குள் மனித குலத்தின் பெரிய வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்துவிட்டது. உலக நாடுகளெல்லாம் ஒன்றுகூடி ஆண்டுக்கணக்கில் பேசி, கடைசியில் அடுத்த கூட்டத்தை எங்கே வைப்பது என்பதில் மட்டும் உடன்பட்டுக் கலைகின்றன. அவர்கள் எங்கள் டயர் கடை மாடிக்கு வந்திருந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“ஏம்மா, நீங்க நெஜமாவே ஒத்துக்கறீங்களா?” என்று அண்ணியைக் கேட்டேன்.

“இல்ல சார். எனக்கு ஊர்தான் பிடிக்கும்.”

“அப்புறம் ஏன் ஐ அக்ரீன்னீங்க?”

“அவர் வயசுல பெரியவர் சார். மூஞ்சிக்கு நேரா எப்படி இல்லங்கறது? வண்டி நிறுத்தற எடத்துல நின்னு நாங்க பேசிக்குவோம்.”

கேட்டீர்களா? கருத்து இருக்கிறது. கல் போலக் கருத்து இருக்கிறது. ஆனால் அதைக் கூட்டத்தில் சொல்லக்கூடாது. கூட்டம் கலைந்த பிறகு, வண்டிச்சாவியைத் தேடிக்கொண்டே, ஒருவர் காதில் ஒருவர் சொல்லவேண்டும். என் வகுப்பின் உண்மையான கலந்துரையாடல் தினமும் இருசக்கர வாகன நிறுத்தத்தில்தான் நடந்தது. தமிழில் நடந்தது. நான் இல்லாதபோது நடந்தது. பல நாள் என்னைப் பற்றியே நடந்தது.

என்ன அம்மா? ஆமாம், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். தெரியும். அங்கேயும் வருகிறேன்.

சரி, மறுத்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். கோடாரியால் வெட்டுவது போல மறுக்கவேண்டாம், பூப்பறிப்பது போல மறுங்கள் என்றேன். முதலில் எதிராளியின் கருத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. பிறகு உங்கள் மறுப்பு. பிறகு ஒரு காரணம். காரணம் இல்லாமல் ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. கடைசியில் அடுத்தவரைப் பார்த்து, உங்கள் கருத்து என்ன என்று கேட்கவேண்டும். இவ்வளவுதான் பாடம்.

ஓட்டுநர் எழுந்து வலிக்காது அக்காவைப் பார்த்து முழங்கினார், “யுவர் ஒப்பீனியன் ஈஸ் வெரி நைஸ். சிட் டவுன்.” அக்கா எழுந்தார். கனிவு சொட்ட, உங்கள் கருத்து நன்றாக இருக்கிறது, கொஞ்சம் வாயைத் திறவுங்கள், அதைப் பிடுங்கப்போகிறேன், வலிக்காது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அதன் பிறகு பிடித்தது பாருங்கள் ருசி. மறுப்பின் ருசி. நாக்கில் பட்டதும் விடமாட்டேன் என்றார்கள். நான் குட் ஈவ்னிங் என்று உள்ளே நுழைந்தால், ஈவ்னிங் என்பதை ஏற்கிறோம், குட் என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மின்விசிறியை வேகமாக வைக்கலாமா, மெதுவாக வைக்கலாமா என்று ஒரு விவாதம் தொடங்கியது. அது முடிவதற்குள் கோடை போய்க் குளிர் வந்துவிட்டது. முன்பு பேசாமலே முடிவுக்கு வந்தார்கள். இப்போது முடிவே இல்லாமல் பேசினார்கள். நான் இரண்டுக்கும் நடுவே நின்று, வெள்ளைப்பலகையில் என் தலையை முட்டிக்கொண்டதில், அந்தப் பலகையில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. வந்து தடவிப் பார்க்கலாம்.

ஆனால் ஒருவர் மட்டும் மாறவில்லை. மலை அசைந்தது, கடல் அசைந்தது, முடிதிருத்தும் நண்பர் மட்டும் அசையவில்லை. அசையவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. அவர் தலை அசைந்துகொண்டே இருக்கும், மேலும் கீழுமாக. ஓட்டுநர் நகரம் என்றால் ஐ அக்ரீ. அண்ணி சிற்றூர் என்றால் ஐ அக்ரீ. அவர் தலையாட்டும் வேகத்தில் எழும் காற்றுக்காகவே கோடையில் அவர் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி நடக்கும்.

“இதுவும் சரி, அதுவும் சரின்னா எப்படி அண்ணே?” என்று கேட்டேன்.

“நீங்க கேக்கறதும் சரிதான் சார்” என்றார்.

அவருக்கு ஆமாம் அண்ணன் என்ற பட்டத்தை நான் கொடுக்கவில்லை. அது தானாகவே வந்து அவர் தலைமேல் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து ஆடியது.

இந்த ஆமாம் அண்ணன் எதற்காக என் வகுப்பில் சேர்ந்தார்? இங்கேதான் கப்பல் வருகிறது. சாதாரணக் கப்பல் இல்லை. அதன் ஒரு முனையில் மழை பெய்தால் மறுமுனையில் வெயில் காயும். அதற்குள் கடைத்தெரு, நீச்சல் குளம், பயணிகளுக்கு முடிவெட்ட ஒரு நிலையம். அந்த நிலையத்துக்கு ஆள் வேண்டுமாம். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். நடுவில் வீட்டுக்கு வர முடியாது. சம்பளம் இங்கே வெட்டுகிற முடியையெல்லாம் மூட்டை கட்டி விற்றாலும் கிடைக்காத சம்பளம். ஒரே ஒரு தடை, ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறவேண்டும். அதில் கடைசிப் பகுதி குழுக் கலந்துரையாடல். பேசாமல் ஒத்துக்கொண்டாலும் தோல்வி. பேசிவிட்டு ஒத்துக்கொள்ளாமல் போனாலும் தோல்வி. ஒருவர் தோற்றால் நால்வரும் தோல்வி.

அண்ணியும் வகுப்பில் சேர்ந்தது இதற்காகத்தான். “தனியா விட்டா இவர் வாயைத் தொறக்கமாட்டார் சார். நான் கூட இருந்து தேத்தி விட்டுடறேன்” என்றார். தேற்றிவிட வந்தவர் புருஷன் பக்கத்தில் உட்கார மாட்டார். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருக்கும். வகுப்பில் சத்தமாகப் பேசுகிறவர், அவரிடம் மட்டும் மாத்திரைச் சீட்டைப் படிப்பது போலப் பேசுவார். நான் அதைக் கவனித்தேன். புரிந்துகொள்ளவில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் அப்படித்தான். கவனிப்பது ஒரு வேலை, புரிந்துகொள்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் கிடையாது.

தேர்வு நெருங்கியது. எனக்குத் தூக்கம் போயிற்று. இந்த மனிதரிடமிருந்து ஒரே ஒரு ‘இல்லை’ வாங்கிவிடவேண்டும் என்று, முடிவெட்டிக்கொள்ளும் சாக்கில் அவர் கடைக்கே போனேன். சின்னக் கடை. எதிரும் புதிருமாக இரண்டு பெரிய கண்ணாடிகள், நடுவே இரண்டு சுழல் நாற்காலிகள், மூலையில் தண்ணீர் தெளிக்கும் குப்பி, காத்திருப்போருக்கு ஒரு பெஞ்சு. வலது நாற்காலியில் இருந்தவர், இந்தத் தலைமுறை கெட்டுவிட்டது என்றார். அண்ணன் ஆமாம் என்றார். இடது நாற்காலியில் இருந்தவர், போன தலைமுறைதான் சார் எல்லாத்தையும் கெடுத்தது என்றார். அண்ணன் அங்கே திரும்பி ஆமாம் என்றார். இரண்டு கண்ணாடிகளிலும் ஆயிரம் அண்ணன்கள் தெரிந்தார்கள். ஆயிரம் பேரும் ஆமாம் என்றார்கள்.

என் முறை வந்தது. மீசையைக் கொஞ்சம் குறையுங்கள் என்றேன். ஆமாம் என்றார். பெஞ்சில் இருந்த ஒருவர், இடது பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்றார். அதற்கும் ஆமாம். இன்னொருவர், அப்படின்னா வலது பக்கமும் எடுத்தாத்தானே சமமா வரும் என்றார். அதற்கும் ஆமாம். வாசலில் வழி கேட்க வந்தவன்கூட ஒரு கருத்துச் சொல்லிவிட்டுப் போனான். தலைவர் அம்மையார் அவர்களே, என் மீசை கருத்தொருமையால் மாய்ந்தது. வாளுக்கு இரையாகவில்லை, நோய்க்கு இரையாகவில்லை, ஒருமனதான தீர்மானத்துக்கு இரையாயிற்று. நான் கண்ணாடியில் பார்த்தேன். ஆயிரம் நான்கள் மீசையில்லாமல் என்னைப் பார்த்தார்கள்.

“ஏன் அண்ணே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மாட்டேன்னு சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சார், கையில கத்தி இருக்கு. எதிர்ல இருக்கறவர் கழுத்தைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். கத்தியை வச்சுக்கிட்டு நான் இல்லன்னா, அது விவாதம் இல்ல சார், மிரட்டல். எங்கப்பா சொல்லிக்கொடுத்த முதல் தொழில் அதுதான். வெட்டறதுக்கு முன்னாடி தலையாட்டக் கத்துக்கன்னாரு.”

நான் வாயடைத்துப் போனேன். நான் வாயடைத்துப் போவது எவ்வளவு அரிய நிகழ்வு என்பது தலைவர் அம்மையாருக்குத் தெரியும்.

“வீட்டுல கத்தி இல்லையே அண்ணே?”

“பழக்கம் சார்” என்றார். ஆமாம் என்பது போலத் தலையாட்டிக்கொண்டார்.

தேர்வு நாள் வந்தது. இடம், தேர்வு மையத்தின் இரண்டாவது மாடி. நீண்ட மேசை, நான்கு நாற்காலிகள், எதிரே தேர்வாளர். இஸ்திரி போட்டு எடுத்தது போல ஒரு முகம். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. ஆசிரியர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நான் தடித்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மூக்கு அப்பளமாக ஒட்டிக்கொள்ளும்படி முகத்தைப் பதித்து நின்றேன். அண்ணி வழக்கம்போலக் கணவரிடமிருந்து ஓர் ஆள் தூரம் தள்ளியே உட்கார்ந்தார்.

தேர்வாளர் தலைப்பைப் படித்தார். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத் தொலைவில் நல்ல வேலை கிடைக்கிறது. அவர் குடும்பத்தை விட்டுப் போகலாமா, கூடாதா? கூடிப் பேசி ஒரே முடிவு சொல்லுங்கள்.

உலகத்தில் எவ்வளவு தலைப்பு இருக்கிறது? நெகிழிப் பை இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது, அருமையான போக்குவரத்து நெரிசல் இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு இதையா எடுக்கவேண்டும்?

இனி உள்ளே நடந்ததை உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன். அவர்கள் ஆங்கிலத்தில் இருந்த பொத்தல்களை நானே அடைத்திருக்கிறேன்.

ஓட்டுநர் தொடங்கினார். “போகணும். முன்னாடி வழி இருந்தா போயிட்டே இருக்கணும். நின்னா பின்னால வர்றவன் ஹாரன் அடிப்பான்.”

வலிக்காது அக்கா சொன்னார், “போகலாம். முதல்ல கொஞ்சம் கூசும். அப்புறம் மரத்துப்போயிடும். வலிக்காது.”

அண்ணி சொன்னார், “போகணும்.” அத்தோடு நிறுத்தியிருப்பார். ஆனால் காரணம் சொல்லவேண்டும் என்பது நான் தொண்டைத்தண்ணீர் வற்றக் கற்றுக்கொடுத்த பாடமாயிற்றே. அதனால் மேசையைப் பார்த்துக்கொண்டே காரணமும் சொன்னார். “அவருக்கு விருப்பம். அதான் காரணம்.”

மூவரும் ஆமாம் அண்ணனைப் பார்த்தார்கள். நான் கதவுக்கு வெளியே குதித்தேன். மறு, ஐயா, மறு, சும்மாவாவது மறு, ஆமாம் என்றால் நால்வரும் தோற்றீர்கள் என்று கையை ஆட்டினேன், காலை ஆட்டினேன். அந்தப் பக்கம் வந்த காவலாளி என்னைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்வாங்கினார்.

அண்ணன் தலை மேலே போயிற்று. கீழே வரவேண்டும். வரவில்லை. பாதியில் நின்றது. அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“ஐ டோன்ட் அக்ரீ” என்றார்.

அன்பர்களே, அந்தச் சொல் விழுந்ததும் தேர்வாளரின் பேனா விழுந்தது. கீழே சாலையில் வண்டிகள் நின்றன. என் மழித்த மேலுதட்டில் ஒரு முடி முளைத்தது.

“எனக்கு விருப்பம்னு யார் சொன்னது?” என்று கேட்டார்.

“நீங்கதான். கப்பல்ல ஆள் எடுக்கறாங்களாம், போனா நல்லா இருக்குமில்லன்னு கேட்டேன். ஆமான்னீங்க.”

“நல்லா இருக்கும்னு நீதானே சொன்ன? அதுக்குத்தான் ஆமான்னேன்.”

“நீங்க மாட்டேன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுக் கேட்டேன்.”

“அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“சொல்லிட்டு உங்ககிட்ட ஆமா வாங்கறதுக்கு, எதிர் வீட்டுச் சுவத்துக்கிட்டச் சொல்லலாம். உன்னை விட்டுட்டு எப்படி இருப்பேன்னு ஒரு வார்த்தை வருதான்னு பார்த்தேன். ஆமான்னீங்க. சரி, போகட்டும்னு நானே வந்து இங்கிலீஷ் கத்துக்கறேன்.”

புரிகிறதா உங்களுக்கு? போக அண்ணனுக்கு விருப்பமில்லை. அனுப்ப அண்ணிக்கு விருப்பமில்லை. ஆனால் போவது என்று ஒருமனதாக முடிவாகிவிட்டது. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். இரண்டு பேரும் எதிர்க்கும் ஒரு தீர்மானம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியிருக்கிறது. அதை நிறைவேற்றிவைக்க நான் டயர் கடை மாடியில் தலையை முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். யார் மேல் எரிச்சல் படுவது? அவர் மேலா? அண்ணி மேலா? இல்லை, கப்பல் மேலா?

தேர்வாளர் நேரத்தைப் பார்த்து, முடிவுக்கு வாருங்கள் என்றார். ஓட்டுநர் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, “கொஞ்சம் இருங்க சார், குடும்ப விஷயம் ஓடிட்டிருக்கு” என்றார். பிழையில்லாத ஆங்கிலம். வகுப்பில் ஒருநாளும் அவர் வாயில் வராத ஆங்கிலம்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். அண்ணன் பாடத்தை மறக்கவில்லை. ஓட்டுநர் பக்கம் திரும்பி, “ஐயா, உங்க கருத்து என்ன?” என்று கேட்டார்.

ஓட்டுநர் உயர்த்திய கையை இறக்கினார். “நான் வண்டி எடுக்கும்போது புள்ளைங்க தூங்கிட்டிருக்கும். திரும்பி வரும்போதும் தூங்கிட்டிருக்கும். கண்ணு முழிச்ச புள்ளைங்களை நான் முழுசாப் பார்த்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். அப்போ அதுங்களுக்கே புள்ளைங்க இருந்துச்சு. முதல்ல போகணும்னேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன்.”

“அக்கா, நீங்க?”

வலிக்காது அக்கா சொன்னார், “வலிக்கும். நான் எல்லார்கிட்டயும் வலிக்காதுன்னுதான் சொல்றேன். வலிக்கும்னு எனக்குத் தெரியும்.”

கடைசியாக, “நீ?” என்றார்.

“ஐ அக்ரீ” என்றார் அண்ணி. “ஆனா ஒரு நிபந்தனை. இனிமே வீட்டுல ஆமான்னா, காரணமும் சொல்லணும்.”

போகவேண்டாம் என்று முடிவாயிற்று. நால்வரும் பேசி, நால்வரும் மாறுபட்டு, நால்வரும் சேர்ந்து எடுத்த முடிவு. தேர்வாளர் அந்த மையத்தின் வரலாற்றிலேயே இல்லாத மதிப்பெண்ணைப் போட்டார். போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு இல்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். இந்த மனிதரைக் கப்பலேற்ற நான் மாதக்கணக்கில் உழைத்தேன், தலைமுடியைத் தந்தேன், மீசையைத் தந்தேன், பலகையில் பள்ளம் விட்டேன். கப்பலுக்கான தேர்வில் தேறிய அதே நிமிடத்தில் கப்பல் வேண்டாம் என்று முடிவு. கப்பல் போய்விட்டது. அண்ணன் இங்கேயே, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தலையைக் குனியாதீர்கள் அண்ணே, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

துன்பம் அத்தோடு நின்றதா? நிற்கவில்லை. போன வாரம் அவர் கடைக்குப் போய், பக்கவாட்டில் குட்டையாக வெட்டுங்கள் என்றேன். கத்தியைத் தட்டில் வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். எனக்கு முன்னால் வந்து நின்று, “உங்க கருத்து ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா நான் ஒத்துக்கல. காரணம், உங்க காது பெருசு” என்றார். பெஞ்சில் இருந்தவர்களிடம் கருத்துக் கேட்டார். கலந்துரையாடினார்கள். என் தலையைப் பற்றி, என் முன்னாலேயே, எனக்குக் கடைசியாகத்தான் வாய்ப்புத் தந்தார்கள்.

சிரியுங்கள். ஆனால் அந்தக் கத்தியைப் பார்த்தீர்களா? கையில் கத்தியோடு அவர் மறுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுத்தார்.

அவையோரே, நம் எல்லார் கையிலும் ஒரு கத்தி இருக்கிறது. பெரியவர்களே, உங்கள் கையில் வயது இருக்கிறது. அதிகாரிகளே, உங்கள் கையில் நாற்காலி இருக்கிறது. ஆசிரியனாகிய என் கையில் மதிப்பெண் இருக்கிறது, இந்த நிமிடம் ஒலிபெருக்கியும் இருக்கிறது. கணவன்மார்களே, உங்கள் கையில் மௌனம் இருக்கிறது. தாய்மார்களே, உங்கள் கையில் ‘உங்க இஷ்டம்’ என்ற இரண்டு சொல் இருக்கிறது, அதைப் போலக் கூரான ஆயுதத்தை எந்தப் பட்டறையிலும் அடிக்க முடியாது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கருத்துக் கேட்டால் என்ன வரும்? ஆமாம் வரும். அலை அலையாய் ஆமாம் வரும். கூட்டம் முழுக்க ஆமாம், வீடு முழுக்க ஆமாம், வாசலுக்கு வெளியே மட்டும் இல்லை, இல்லை, இல்லை. அதுவா ஒற்றுமை? பயந்தவன் தலையாட்டுவது ஒற்றுமையா? கூச்சப்பட்டவள் வாய்மூடுவது ஒற்றுமையா? மறுக்க முடிந்தவன், மறுக்க இடமிருந்தும், மறுத்துப் பேசிப் பார்த்துவிட்டு, சரி என்று சொன்னால் அதுதான் ஒற்றுமை. கத்தியைக் கீழே வையுங்கள். கேளுங்கள். இல்லை என்று வந்தால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழாதீர்கள். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஆங்கிலத்தில் முடிந்தால் ஆங்கிலத்தில். தமிழில் முடிந்தால், ஐயா, என் வகுப்பே தேவையில்லை.

மணி அடித்துவிட்டது. அம்மையார் அவர்களே, மணியடித்த உங்கள் கருத்தை நான் மதிக்கிறேன். அது நல்ல கருத்து. ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் முடிக்கிறேன். பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்டவர்களுக்கும், பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்த அந்தப் பெரிய மனசுக்காரருக்கும் என் நன்றி. இந்த ஏற்பாட்டை ஒருமனதாகச் செய்த விழாக்குழுவின் மூன்று மனதுக்கும் தனித்தனியே நன்றி. வணக்கம்.

இறங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று. நான் தந்த உறுதியை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள். ஒருவரும் நம்பவில்லை, முகத்திலேயே தெரிகிறது. நீங்கள் நினைப்பது சரிதான். எனக்கு என்றைக்கும் மீசை இருந்ததில்லை. பலகையில் பள்ளம் இல்லை. அந்தக் கண்ணாடிக் கதவு எவ்வளவு தடிப்பு என்றால், உள்ளே பேசியதில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. அத்தனையும் நானாக இட்டுக்கட்டியது. கேட்டால் நால்வரும் இன்றுவரை சொல்ல மறுக்கிறார்கள், அதில் மட்டும் அவர்களுக்குள் பூரண உடன்பாடு.

ஆனால் ஒரு சின்ன விஷயம் நிஜம். கதவுக்கு வெளியே நின்று நான் என் கண்ணால் பார்த்தது. எந்நேரமும் மேலும் கீழுமாக ஆடும் அந்தத் தலை, அன்றைக்கு ஒரே ஒரு முறை, இடமும் வலமுமாக ஆடியது. அண்ணி எழுந்தார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, நடுவில் இருந்த அந்த இடத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.